அன்டிபயோட்டிக் தைரொயிட்டைக் கொன்றுவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 52. வெள்ளவத்தையில் வசிக்கிறேன். தைரொயிட் குறைவுக்காக ஆறு வருடங்களாகத் தைரொக்சின் 75 மைக்ரோகிராம் எடுத்துவருகிறேன். ஜனவரியில் பார்த்தபோது ரி.எஸ்.எச். 2.1. போன மாதம் காய்ச்சல், நடுக்கம், இடுப்பு வலி என்று வந்து, சிறுநீரகத்தில் கிருமித் தொற்று என நான்கு நாள் வைத்தியசாலையில் இருந்தேன். ஊசி மூலம் செப்ரியாக்சோன் ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது சிப்ரோபுளொக்சசின் 500 மில்லிகிராம் காலையும் இரவும் பத்து நாளைக்கும், கஸ்ரிக்குக்கு ஒமிபிரசோலும் தந்தார்கள். முன்பு இரவில் எடுத்த கல்சியத்தையும் சேர்த்து, மறந்துவிடாமல் இருக்க எல்லாக் குளிசைகளையும் காலை ஆறரைக்குப் பால் தேநீரோடு ஒன்றாக எடுத்தேன். இரவுச் சிப்ரோவைப் படுக்கும் முன் ஒரு கோப்பைப் பாலோடு எடுத்தேன். மருந்து முடிந்த மறுநாள் இரத்தம் கொடுத்தால் ரி.எஸ்.எச். 9.6. ஃப்ரீ ரி4 எல்லைக்குள், ஆனால் கீழ் விளிம்பில். களைப்பு, மலச்சிக்கல், முடி உதிர்வு எல்லாம் இருக்கின்றன. கனடாவில் இருக்கும் தம்பி, அன்டிபயோட்டிக் தைரொயிட்டைக் கொன்றுவிடும், இனித் தொடவே வேண்டாம் என்கிறான். அயடீன் குளிசையும் முடிக்குப் பயோட்டினும் பார்சலில் அனுப்புகிறானாம். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் தைரொக்சினை 100 ஆக்கச் சொல்கிறார். நான் என்ன செய்ய? கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மைத்துனிக்குத் தைரொயிட் கூடுதல். இரண்டு மாதமாகக் கார்பிமசோல் எடுக்கிறாள். அவளுக்கும் அன்டிபயோட்டிக் ஆகாதா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தைரொயிட் சுரப்பியை அந்த அன்டிபயோட்டிக் கொல்லவில்லை. ஆறு வருடமாகக் குறைந்து கிடந்த சுரப்பி இன்றும் அதே நிலையில்தான் இருக்கும். மாறியது நீங்கள் விழுங்கிய தைரொக்சின் உடலுக்குள் போய்ச் சேர்ந்த அளவும், இரத்தம் கொடுத்த நேரமும்தான். அதனால் தைரொக்சினை 100 ஆக்க வேண்டாம். தம்பியின் பார்சலையும் திறக்க வேண்டாம்.

அதற்கெல்லாம் முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சிறுநீர் எரிவும் இடுப்பு வலியும் முற்றாகப் போய்விட்டனவா? நீங்கள் கேட்காத இந்தக் கேள்விதான் உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் வந்த கவலை. சிப்ரோபுளொக்சசினைக் கல்சியத்தோடோ பாலோடோ எடுத்தால், இரண்டும் குடலுக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மருந்தில் ஒரு பங்கு இரத்தத்தில் சேராமல் மலத்தோடு வெளியேறிவிடும். காலையில் கல்சியமும் பால் தேநீரும், இரவில் ஒரு கோப்பைப் பால். ஆகப் பத்து நாளும் முழுமையாக உள்ளே போன சிப்ரோ எவ்வளவு என்று சொல்வது கடினம். ஊசி மருந்து நான்கு நாள் நன்றாக வேலை செய்திருக்கும், அது உங்கள் அதிர்ஷ்டம். எரிவோ, அடிக்கடி சிறுநீர் போவதோ, மாலையில் இலேசான காய்ச்சலோ இன்னும் இருந்தால், தைரொயிட் கதையை ஒதுக்கிவைத்துவிட்டு, சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனைக்கு நாளைக்கே கொடுங்கள். அன்டிபயோட்டிக்கைப் பார்த்துப் பயப்படும் வீடுகளில் அரைகுறையாக ஆறிய தொற்றுத்தான் பெரும்பாலும் மறுபடி ஆளை வைத்தியசாலைக்கு அனுப்புகிறது.

இனி அந்த 9.6க்கு வருவோம். ரி.எஸ்.எச். என்பது தைரொயிட்டை வேலை செய்யத் தூண்டும் ஹோர்மோன். இரத்தத்தில் தைரொக்சின் குறைந்தால் அது ஏறும். ஃப்ரீ ரி4 என்பது இரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் தைரொக்சின்.

தைரொக்சின் கொஞ்சம் தொட்டாற்சுருங்கிக் குணமுள்ள மருந்து. வெறும் வயிற்றில் எடுத்தாலே அதில் 60 முதல் 80 வீதம் வரைதான் சிறுகுடலால் உறிஞ்சப்படும். அந்த நேரத்தில் கல்சியம், இரும்புச் சத்து, பால், கோப்பி ஏதாவது அங்கே இருந்தால் அளவு இன்னும் இறங்கும். சிப்ரோபுளொக்சசினும் அப்படித்தான். தைரொக்சினோடு ஒரே நேரத்தில் எடுத்தவர்களுக்கு ரி.எஸ்.எச். ஏறியதும், இரண்டு மருந்துகளுக்கும் இடையில் சில மணி நேர இடைவெளி விட்டதும் அது இறங்கியதும் 2005 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகி இருக்கின்றன. ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் உறிஞ்சப்படும் அளவு குறைந்தது. ஒமிபிரசோல் வேறு வழியில் தொல்லை தரும். தைரொக்சின் குளிசை கரைவதற்கு வயிற்று அமிலம் வேண்டும். ஒமிபிரசோலின் வேலையே அந்த அமிலத்தைக் குறைப்பதுதான். மாதக்கணக்கில் எடுப்பவர்களிடம் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். இரண்டு கிழமைக்கு எடுத்தவரிடம் அவ்வளவாகத் தெரியாது. எனவே உங்கள் காலைப் பட்டியலில் தைரொக்சினுக்கு இடைஞ்சல் செய்யக்கூடியவை நான்கு: கல்சியம், சிப்ரோ, ஒமிபிரசோல், பால் தேநீர். இவற்றில் கல்சியத்தையே நான் முதல் குற்றவாளியாகப் பிடிப்பேன். தம்பி பிடித்துவைத்திருக்கும் ஆள் அந்த நான்கில் ஒருவர்தான்.

ஆனாலும் இந்தக் கணக்கு முழுவதும் ஒத்துவரவில்லை. இரத்தத்தில் இருக்கும் தைரொக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் எடுக்கும். பத்து நாள் அரைகுறையாக உறிஞ்சப்பட்டால் அளவு இறங்கும்தான், ஆனால் பாதாளத்துக்குப் போகாது. அப்படியிருக்க ரி.எஸ்.எச். 2.1 இலிருந்து 9.6க்கு ஏறியது எப்படி? இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கலாம். தைரொக்சின் சிறிது குறைந்தாலே மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ரி.எஸ்.எச்.ஐப் பல மடங்கு கூட்டிவிடும். அதன் கூச்சல் எப்போதும் உண்மைக் குறைபாட்டைவிடப் பெரிதாகத்தான் கேட்கும். மற்றையது உங்கள் நோய். கடும் தொற்றில் உடல் தைரொயிட் ஹோர்மோனின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது தைரொயிட் ஹோர்மோனின் வேலை செய்யும் வடிவமான ரி3 இறங்கும், ரி.எஸ்.எச்.சும் இறங்கக்கூடும். ஆள் தேறி எழும் நாட்களில் ரி.எஸ்.எச். எதிர்ப்பக்கமாக எகிறும். தைரொயிட் நோயே இல்லாதவர்களுக்கும் அந்தக் காலத்தில் அது 20 வரை ஏறி, சில கிழமைகளில் தானாக இறங்கிவிடுவது உண்டு. நீங்கள் இரத்தம் கொடுத்ததோ வைத்தியசாலையிலிருந்து வந்து பதினொராம் நாள்! தைரொயிட் பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமில்லாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உங்களைக் குறை சொல்லவில்லை. கொழும்பில் காலி வீதியில் நடந்தால் ஆய்வுகூடப் பலகை இல்லாத சந்தி அரிது. வைத்தியரின் துண்டு இல்லாமலே போய்க் கையை நீட்டினால் மாலையில் அறிக்கை கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு குறி இருக்கும். காய்ச்சலில் விழுந்து எழுந்தவரின் இரத்தமா, நல்ல சுகத்தோடு இருப்பவரின் இரத்தமா என்பது அந்தக் குறிக்குத் தெரியாது. ஆய்வுகூட உறவினர் அன்பினால்தான் சொல்லியிருப்பார், ஆனால் 75 ஐ 100 ஆக்குவது அவர் சொல்லிச் செய்யும் காரியமல்ல. கல்சியத்தைப் பிரித்து, ஒமிபிரசோலை நிறுத்திய பிறகு, பழைய 75 மறுபடி முழுதாக உள்ளே போகும். அப்போது 100 எடுத்துக்கொண்டிருந்தால் அது உங்களுக்கு மிகுதி. படபடப்பு, தூக்கமின்மை, இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல் என்று வரிசையாக வரலாம். மாதவிடாய் நின்ற வயதில் மிகுதியான தைரொக்சின் எலும்பையும் அரிக்கும். அந்த எலும்புக்காகத்தானே கல்சியம் எடுக்கிறீர்கள்?

செய்ய வேண்டியது இதுதான். விடிய ஐந்தரைக்கு எழுந்ததும் தைரொக்சின் 75 ஐ வெறும் தண்ணீரோடு மட்டும் எடுங்கள். தேநீர் ஆறரைக்கு. கல்சியத்தை மத்தியானச் சாப்பாட்டோடு எடுங்கள். கல்சியம் கார்பனேட் வகை சாப்பாட்டோடுதான் நன்றாகச் சேரும், தைரொக்சினுக்கும் அதற்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளியும் கிடைத்துவிடும். ஒமிபிரசோல் இன்னும் தேவையா என்று அதைத் தந்த வைத்தியரிடம் கேளுங்கள். வைத்தியசாலையில் மற்ற மருந்துகளுக்குத் துணையாகத் தரப்படும் கஸ்ரிக் குளிசை வீட்டுக்கு வந்து வருடக்கணக்கில் தங்கிவிடுவது நம்மூர் வழக்கம். படுக்கும்போது தைரொக்சின் எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எடுக்கலாம், ஆனால் கடைசிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குமேல் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கும் கொழும்பு வீடுகளுக்கு அது சரிவராது.

இப்படி ஆறு கிழமை போன பிறகு, அதே ஆய்வுகூடத்தில், அன்றைய தைரொக்சினை எடுப்பதற்கு முன், ரி.எஸ்.எச்.சும் ஃப்ரீ ரி4உம் பாருங்கள். அப்போதும் ரி.எஸ்.எச். உயர்ந்தே இருந்தால் அளவைக் கூட்டுவதைப் பற்றி உங்கள் வைத்தியர் முடிவு செய்யட்டும். அதற்கு முன்பே முகமும் காலும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, அளவுக்கு மீறிக் குளிரோ தூக்கக் கலக்கமோ வந்தாலோ ஆறு கிழமை காத்திருக்க வேண்டாம். இதை வாசிக்கும் கர்ப்பிணிகள் யாராவது இதே நிலையில் இருந்தால் இந்தப் பொறுமை அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் உடனே வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

களைப்பு சிறுநீரகத் தொற்றுக்குப் பிறகு சில கிழமைகள் இருக்கத்தான் செய்யும். மலச்சிக்கலில் கல்சியத்துக்கும் பங்கிருக்கிறது. முடிதான் என்னை யோசிக்க வைக்கிறது. காய்ச்சலால் கொட்டும் முடி, காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்தே கொட்டத் தொடங்கும். போன மாதத் தொற்றுக்கு இந்த மாதமே கொட்டாது. அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் டெங்கு மாதிரி ஏதாவது வந்ததா, உணவைக் குறைத்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த இரத்தப் பரிசோதனையோடு, உடலின் இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் பெரிட்டினும் பாருங்கள்.

பயோட்டின் ஏன் வேண்டாம் என்றால், முடிக்கென்று விற்கும் அதிக அளவுக் குளிசைகள் பல ஆய்வுகூட இயந்திரங்களைக் குழப்பிவிடும். ரி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், ரி4 பொய்யாகக் கூடியும் காட்டும். தைரொயிட் குறைந்தவருக்குக் கூடியிருப்பதாக அறிக்கை வந்து, மருந்தைக் குறைக்கும் விபரீதமும் நடக்கலாம். ஏற்கனவே எடுக்கத் தொடங்கியிருந்தால் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போங்கள். அயடீன் குளிசையைத் தம்பியிடமே திருப்பி அனுப்பிவிடுங்கள். இலங்கையில் 1995 முதல் சமையல் உப்பில் அயடீன் கலப்பது சட்டம். உங்கள் வயதுப் பெண்களின் தைரொயிட் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹஷிமொட்டோ நோய்தான். அங்கே மேலும் அயடீனைக் கொட்டினால் மிஞ்சியிருக்கும் சுரப்பியும் முடங்கலாம்.

தம்பியை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. அன்டிபயோட்டிக்குக்கும் தைரொயிட்டுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிருமித் தொற்றுக்கான சல்பா வகை மருந்தை எலிகளுக்குக் கொடுத்து வேறொன்றை ஆராய்ந்தவர்கள், எலிகளின் தைரொயிட் வீங்கியிருப்பதைக் கண்டார்கள். சுரப்பி ஹோர்மோன் செய்வதை அந்த மருந்து தடுத்திருந்தது. அந்த வழியே போய்த்தான் 1943 இல் தைரொயிட் கூடுதலுக்கு முதல் மருந்துகள் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டன. உங்கள் மைத்துனி எடுக்கும் கார்பிமசோலும் அந்தப் பரம்பரைதான். இன்று நாம் வழக்கமான அளவில் கொடுக்கும், சல்பா கலந்த கோட்ரைமொக்சசோலால் மனிதருக்கு அப்படி நடப்பது மிக அபூர்வம். முகப்பருவுக்கு நீண்டகாலம் கொடுக்கப்படும் மினோசைக்கிளின் சுரப்பியைக் கறுப்பாக்கிவிடும், கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் சுரப்பியின் வேலை பெரும்பாலும் கெடுவதில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியவை காசநோய் மருந்துகள். ரிபம்பிசின் ஈரலின் நொதிகளைத் தூண்டி, தைரொக்சினை வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். தைரொக்சின் எடுப்பவருக்குக் காசநோய் வந்து ஆறு மாதச் சிகிச்சை தொடங்கினால், ஆறு கிழமையில் ரி.எஸ்.எச். பார்த்து அளவைக் கூட்ட வேண்டி வரலாம். சிகிச்சை முடிந்ததும் மறுபடி பார்த்துக் குறைக்கவும் வேண்டும். கூட்டுவதை நினைவில் வைப்பவர்கள் குறைப்பதை மறந்துபோகிறார்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் எதியோனமைட்டும் பாஸ் என்னும் மருந்தும் நல்ல சுரப்பியையே நேரடியாகக் குறைத்துவிடும். அங்கே தம்பி சொன்னது ஓரளவு சரி, ஆனால் அந்த மருந்துகளை நிறுத்தினால் சுரப்பி பெரும்பாலும் தேறிவிடும்.

அன்டிபயோட்டிக் வீண்பழி சுமக்கும் இடம் ஒன்றும் இருக்கிறது. சளிக்காய்ச்சல் வந்து போய்ச் சில கிழமையில் கழுத்தின் முன்பக்கம் வலிக்கும், விழுங்கினால் காது வரை இழுக்கும். தொண்டைப் புண் என்று அமொக்சிசிலின் வாங்கி எடுப்பார்கள், வலி போகாது. பிறகு படபடப்பு வந்து இரத்தம் பார்த்தால் தைரொயிட் கூடியிருக்கும். உடனே பழி அமொக்சிசிலின் தலையில் விழும். அது பெரும்பாலும் வைரசுக்குப் பின் வரும் தைரொயிட் அழற்சி. மருந்துக்கு முன்பே தொடங்கிவிட்ட நோய். அதற்கு வேண்டியது வலியையும் அழற்சியையும் தணிக்கும் மருந்துதான்.

இனிமேல் உங்களுக்கு அன்டிபயோட்டிக் தேவைப்பட்டால் தயங்காமல் எடுங்கள். அமொக்சிசிலின், கோ-அமொக்சிகிளவ், செபுரொக்சிம் போன்றவற்றுக்கும் தைரொக்சினுக்கும் சொல்லத்தக்க மோதல் இல்லை. மறுபடி சிப்ரோவே தந்தால், தைரொக்சினை ஐந்தரைக்கு எடுத்துவிட்டு, சிப்ரோவை முற்பகல் பதினொன்றரைக்கும் இரவு பதினொன்றரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையில் ஆறு மணி நேரம் கிடைக்கும். அந்தப் பத்து நாளும் கல்சியத்தை நிறுத்திவையுங்கள், சிப்ரோவோடு பாலோ தயிரோ வேண்டாம். தைரொக்சினை மட்டும் எந்தக் காய்ச்சலிலும் நிறுத்தாதீர்கள்.

மைத்துனியின் விஷயம் வேறு. அவருக்கு அன்டிபயோட்டிக் ஆகும். ஆனால் அவர் தானாக அன்டிபயோட்டிக் வாங்கி எடுப்பது ஆபத்து. கார்பிமசோல் எடுப்பவர்களில் ஆயிரத்தில் ஒரு சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், தொற்றோடு போராடும் வெள்ளை இரத்த அணுக்கள் திடீரென்று அற்றுப்போகும். அதன் முதல் அடையாளம் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண். பார்க்கச் சாதாரணத் தடிமன் மாதிரி இருக்கும். வீட்டில் பனடோலும் கொத்தமல்லிக் குடிநீரும் கொடுப்பார்கள், மூன்றாம் நாள் பாமசியில் துண்டில்லாமல் அமொக்சிசிலின் வாங்குவார்கள். துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் விற்பது சட்டப்படி குற்றம், ஆனாலும் விற்கிறார்கள். அந்த மூன்று நாளில் உயிருக்கே ஆபத்து வந்துவிடலாம்.

அவர் இரண்டாவது மாதத்தில்தான் இருக்கிறார், அதனால் இதை இன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அடுத்த கார்பிமசோல் குளிசையை எடுக்கக்கூடாது. அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமையானாலும் போயா நாளானாலும், வைத்தியசாலைக்குப் போய் “கார்பிமசோல் எடுக்கிறேன், எஃப்.பி.சி. பார்க்க வேண்டும்” என்று சொல்ல வேண்டும். எஃப்.பி.சி. என்பது இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை. வெள்ளை அணுக்கள் சரியாக இருக்கின்றன என்று அறிக்கை வந்தால், கார்பிமசோலை மறுபடி தொடங்கலாமா என்று வைத்தியர் சொல்வார். குறைந்திருந்தால் அங்கேயே அனுமதித்து, அன்டிபயோட்டிக்கை ஊசி மூலம் ஏற்றுவார்கள். கார்பிமசோலை அதன்பிறகு அவர் ஒருபோதும் எடுக்கக்கூடாது.